ரேஸ் பாகம் போட்ட பிறகு கார் தொந்தரவு தருகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை பிடிக்கும் வழி

நான் ஓட்டுவது 2018 மாடல் ஸ்விஃப்ட், பெட்ரோல், மேனுவல் கியர். அலுவலகம் போவது, ஊருக்குப் போவது எல்லாம் இதில்தான். வருடத்தில் சில நாட்கள் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கி.மீ. ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். இன்ஜின் சக்தி 83 பி.எஸ். (குதிரைத்திறன்) தான், ஆனால் வண்டியின் எடை 900 கிலோவுக்கும் குறைவு. அதனால் சக்தியைக் கூட்டுவதைவிட எடையைக் குறைப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். அலாய் வீல், லைட் ஃப்ளைவீல் (இன்ஜின் சுழற்சியைச் சீராக்கும் சக்கரத்தின் லேசான வகை), ரேஸ் பிரேக் பேட், கோயில்ஓவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் செட்), பக்கெட் சீட் (உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ரேஸ் சீட்) என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றும் வந்தபோது கூடவே ஒரு சத்தமோ நடுக்கமோ வந்தது.

இப்போது நண்பர்கள் வண்டியைக் கொண்டுவந்து, "பார்ட் போட்டதில் இருந்து இப்படி இருக்கிறது, பார்ட் டூப்ளிகேட்டா?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் பாகம் நல்லதுதான். பொருத்தியதில் பிசகு இருக்கும், அல்லது அது அந்தப் பாகத்தின் குணமாகவே இருக்கும். ரேஸ் பாகம் சூட்டுக்காகவும் வேகத்துக்காகவும் செய்யப்பட்டது. பூந்தமல்லி டிராஃபிக்கில் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதனால் எந்த அறிகுறி வந்தாலும் முதல் கேள்வி இதுதான்: இது பழுதா, குணமா? குணம் என்றால் பிரித்து மேய்ந்து பயனில்லை. பொறுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பழையதை மாட்ட வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்காதீர்கள். பரணில் போட்டு வையுங்கள். சந்தேகம் வந்தால் பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை எந்த ஸ்கேனரிலும் இல்லை. அதே காரணத்துக்காக, ஒரே நாளில் மூன்று பாகம் மாற்றாதீர்கள். மாற்றினால் எது தொந்தரவு என்று தெரியாமல் மூன்றையும் கழற்ற வேண்டி வரும்.

80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது

எடை குறைந்த அலாய் போட்டதும் வரும் முதல் புகார் இது. முதலில் நடுக்கம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். 80 முதல் 100 வரை வந்து அதற்கு மேல் குறைந்தால் பெரும்பாலும் பேலன்சிங் அல்லது வீல் நடுவில் உட்காராதது. 30, 40-லேயே தள்ளாடினால் ரிம் வளைவு அல்லது டயரில் வீக்கம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் அது டிஸ்க் விஷயம், கீழே வருகிறேன்.

டயர் கடையில் மூன்று முறை பேலன்ஸ் செய்தும் நடுக்கம் போகவில்லை என்றால் நடுத்துளையைப் பாருங்கள். ஸ்விஃப்டின் ஹப் (வீல் உட்காரும் அச்சு முனை) 54.1 மி.மீ. வெளியில் வாங்கும் அலாய்கள் பல கார்களுக்குப் பொருந்த வேண்டும் என்பதால் 67.1 அல்லது 73.1 மி.மீ. துளையோடு வரும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் தேவை. அது இல்லாமல் மாட்டினால் வீல் நட்டுகளை மட்டும் நம்பி உட்காரும், நடுவிலிருந்து சற்று விலகும். பேலன்சிங் மெஷினோ வீலை அதன் நடுத்துளையில் பிடித்துச் சுற்றுகிறது. அதனால் மெஷினில் சரியாகக் காட்டும், வண்டியில் நடுங்கும். வளையம் வாங்கும்போது அலுமினியமாக வாங்குங்கள். டிராக்கில் பிரேக் சூடேறும்போது பிளாஸ்டிக் வளையம் இளகிவிடும்.

அடுத்தது நட். இது நடுக்கத்தோடு நிற்காது, உயிர் சம்பந்தப்பட்டது. நட்டின் அடிப்பகுதி சில கம்பெனி வீல்களில் உருண்டையாக இருக்கும், ஹோண்டாவில் அப்படித்தான். வெளியில் வாங்கும் அலாய்கள் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு கேட்கும். உருண்டை நட்டைக் கூம்புத் துளையில் முறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஓடும்போது தளரும். என் நண்பரின் பழைய ஹோண்டா சிட்டியில் இதுதான் நடந்தது. திண்டிவனம் தாண்டியதும் "தடதட" என்று சத்தம். நிறுத்திப் பார்த்தால் இடது முன் வீலில் நான்கில் இரண்டு நட் கையாலேயே சுற்றியது. நடுங்கிப் போனோம். அன்றிலிருந்து புது அலாய் மாட்டும் யாரிடமும் முதலில் நட்டைத்தான் கேட்கிறேன்.

மரையும் வேறுபடும். சுசூகிக்கு 12 x 1.25, ஹோண்டாவுக்கு 12 x 1.5. இரண்டு சுற்று கையால் போய்விட்டு அதற்கு மேல் இறுகினால் அது தவறான நட். ஏர் கன்னால் தள்ளிவிடச் சொல்லாதீர்கள், ஸ்டட் போய்விடும்.

மாட்டும் முன் ஹப் முகத்தில் உள்ள துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். வண்டி ஜாக்கியில் இருக்கும்போதே நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கி, கீழே இறக்கிய பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு முடியுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை. இது விருப்பம் அல்ல, கட்டாயம்.

நியூட்ரலில் கடகட சத்தம், சிக்னலில் ஏ.சி. போட்டால் ஆஃப் ஆகிறது

லைட் ஃப்ளைவீல் போட்ட வண்டி. கிளட்சை முழுதாக மிதியுங்கள். சத்தம் நின்றால் அது கியர்பாக்ஸில் பற்கள் ஒன்றோடொன்று தட்டும் ஒலி. இன்ஜின் ஒரே சீராகச் சுற்றுவதில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு தள்ளு தள்ளுகிறது. கனமான ஃப்ளைவீல் அந்தத் தள்ளுகளை விழுங்கிவிடும். லேசானது அப்படியே கியர்பாக்ஸுக்கு அனுப்பிவிடும். ஆக இது குணம். மாறாக, மிதிக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் அது கிளட்ச் பேரிங். அது பழுது. கியர்பாக்ஸை இறக்கும்போது புது பேரிங் போடாமல் விட்ட மெக்கானிக்கிடம் அன்போடு சண்டை போடலாம்.

ஆஃப் ஆவதற்குக் காரணம் வேறு. ஏ.சி. கம்ப்ரஸர் சேரும் அந்த ஒரு கணத்தில் சுமை ஏறுகிறது. பழைய ஃப்ளைவீல் தன்னிடம் இருந்த சுழற்சியைக் கொடுத்துத் தாங்கும். லேசானதில் கொடுக்க இருப்பு இல்லை. ஈ.சி.யூ. (இன்ஜினை நடத்தும் கணினி) சுதாரிப்பதற்குள் இன்ஜின் நின்றுவிடும். முதலில் காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து, ஐடில் ரீலேர்ன் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகத்தை ஈ.சி.யூ.வுக்கு மறுபடி கற்றுக்கொடுப்பது) செய்யுங்கள். போதவில்லை என்றால் ட்யூன் செய்பவரிடம் ஐடிலை 100 முதல் 200 ஆர்.பி.எம். வரை கூட்டச் சொல்லுங்கள். செக் இன்ஜின் விளக்கு எரிந்து பி0300 என்று மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாதது) கோடு வந்தால் உடனே ப்ளக், காயில் எல்லாம் மாற்றிவிடாதீர்கள். ஈ.சி.யூ. கிராங்க் வேகம் ஏறி இறங்குவதைப் பார்த்துத்தான் மிஸ்ஃபயர் என்று முடிவு செய்கிறது. லேசான ஃப்ளைவீலில் அந்த ஏற்ற இறக்கம் இயல்பாகவே அதிகம். ஐடிலில் மட்டும் கோடு வந்து, ஓட்டும்போது இழுவை சீராக இருந்தால் குணம். ஓட்டும்போதும் வெட்டினால் உண்மையான மிஸ்ஃபயர்.

லைட் ஃப்ளைவீலால் என்னதான் பலன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சராசரி 10 செ.மீ. ஆரத்தில் 3 கிலோ குறைத்ததாக வைத்துக்கொள்வோம். முதல் கியரில் மொத்த விகிதம் (வீல் ஒருமுறை சுற்ற இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) 14, டயர் ஆரம் 30 செ.மீ. என்றால், வேகம் எடுக்கும்போது காரின் எடையில் சுமார் 65 கிலோ குறைத்ததற்குச் சமம். ஐந்தாவது கியரில், மொத்த விகிதம் 3.3 என்றால், அதே பாகம் 4 கிலோ அளவுக்குக்கூட உதவாது. ஹைவேயில் ஓட்டி "வித்தியாசமே தெரியவில்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எடையை எங்கே குறைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். விளிம்பில் எடுத்த ஒரு கிராம், பாதி ஆரத்தில் எடுத்த நான்கு கிராமுக்குச் சமம். அதனால் எடையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: ஒரிஜினல் ஃப்ளைவீலையே லேத்தில் கொடுத்துக் கடைந்து எடுப்பது நம் ஊரில் பழைய வழக்கம். வார்ப்பிரும்பு ஃப்ளைவீலில் அதைச் செய்யாதீர்கள். 6000 ஆர்.பி.எம்.மில் அது உடைந்தால் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு கால் பக்கம் வரும்.

பிரேக் பிடிக்கவில்லை

இங்கே "பிடிக்கவில்லை" என்பதை நான்காகப் பிரிக்க வேண்டும். எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால்தான் தவறான பாகம் மாறுகிறது.

காலையில் முதல் இரண்டு மூன்று மிதியில் மட்டும் பிடிப்பு குறைவு, அப்புறம் சரியாகிவிடுகிறது, கீச்சென்று சத்தமும் வருகிறது: ரேஸ் பேட். சில வகைகள் 200 டிகிரி தாண்டினால்தான் முழுதாகக் கடிக்கும். தெருவில் அந்தச் சூடு லேசில் வராது. இது குணம், ஆனால் பொறுத்துக்கொள்ளக் கூடாத குணம். குழந்தை ஒன்று குறுக்கே ஓடும்போது பேட் சூடாகும்வரை காத்திருக்க முடியாது. தெருவுக்கு ஒரு செட், டிராக்குக்கு ஒரு செட் என்று வைத்துக்கொண்டு டிராக்கில் போய் மாற்றுங்கள். அரை மணி நேர வேலைதான்.

டிராக்கில் நான்காவது, ஐந்தாவது சுற்றில் பெடல் பஞ்சு மாதிரி ஆகி உள்ளே போகிறது: பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் பெடல் இறங்குகிறது.

பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை: பேட் தாங்கும் சூட்டைத் தாண்டிவிட்டது. ஆயில் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆயில் பிரச்சினைக்குப் பேட் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெடல் எப்படி இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்தது.

டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு 230, 155. டாட் 5.1-க்கு 260, 180. இரண்டாவது எண்ணைத்தான் நம்ப வேண்டும், ஏனென்றால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் டிராக் ஓட்டும் வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது முழுதாக மாற்றுங்கள். பாதி டப்பாவை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிக்கான். 5.1 அல்ல. ஏ.பி.எஸ். (பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் டாட் 5-ஐ ஊற்றவே கூடாது.

நான்காவது வகை, பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குவது. டிஸ்க் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் பேட் பொருள் டிஸ்க்கில் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும். டிராக்கில் வேகமாக வந்து நிறுத்தி, சூட்டோடு ஹேண்ட்பிரேக்கும் போட்டு, காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் இப்படி ஆகும். கடைசிச் சுற்றை மெதுவாக, பிரேக் தொடாமல் ஓட்டி ஆற வையுங்கள். புதுப் பேட் போட்டதும் 80-லிருந்து 20-க்கு எட்டுப் பத்து முறை நடுத்தரமாகப் பிரேக் போட்டு, நிற்காமல் ஓட்டி ஆற வைத்தால் படலம் சீராகப் படியும். இதற்கு அதிகாலையில் காலியான சாலைதான் சரி.

பள்ளத்தில் "டொக்", முன் டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது

கோயில்ஓவர் போட்ட வண்டியில் "டொக்" சத்தம் வந்தால் பானெட்டைத் திறந்து, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட்டில் கை வையுங்கள். துள்ளினால் மேல் பேரிங் தவறாக உட்கார்ந்திருக்கிறது. அங்கே அமைதியாக இருந்தால் ஸ்டெபிலைசர் லிங்க் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் தண்டு). வண்டியை இறக்கியதும் லிங்க்கின் கோணம் மாறி எதிலாவது இடிக்கும். நீளம் குறைந்த லிங்க் வேண்டும்.

சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே முழுதாக இறுக்கிவிடுவது நிறையப் பட்டறைகளில் நடக்கும் தவறு. இறக்கியதும் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழியும். வண்டி தரையில், தன் எடையில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். பாலியூரித்தேன் புஷ் கீச்சிட்டால் சிலிக்கான் கிரீஸ் வையுங்கள்.

ஒரிஜினல் ஷாக்கில் ஏ.பி.எஸ். சென்சார் ஒயரையும் பிரேக் ஹோஸையும் பிடித்துக்கொள்ள ஒரு பிராக்கெட் இருக்கும். மலிவான கோயில்ஓவரில் அது இருக்காது. கட்டுக் கம்பியால் கட்டிவிட்டால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது டயரில் உரசும். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்தால் முதலில் இங்கே பாருங்கள். ஒயர் அறுந்தால் விளக்கு எரியும், ஹோஸ் அறுந்தால் பிரேக்கே போகும்.

உள்பக்கத் தேய்மானத்துக்கு எல்லோரும் கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) குறை சொல்வார்கள். பாதிக்கு மேல் குற்றவாளி டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). உயரத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் அலைன்மென்ட் பாருங்கள். ரொம்ப இறக்கிவிட்டால் வளைவின் நடுவில் ஷாக் ரப்பர் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கணமே அந்தப் பக்கம் ஸ்பிரிங் பல மடங்கு கெட்டியானது போல ஆகி, முன்பக்கம் திரும்ப மறுக்கும். ட்யூனிங் கோளாறு என்று நினைப்பீர்கள். 15 மி.மீ. ஏற்றிப் பாருங்கள், போய்விடும்.

சீட்டைக் கழற்றியபின் பின்பக்கம் வழுக்குகிறது, உள்ளே நெடி வருகிறது

பின் சீட், ஸ்டெப்னி, டிக்கி விரிப்பு எல்லாம் எடுத்தால் குறைவது பின்பக்க எடை. முன்சக்கர இழுவை வண்டி ஏற்கெனவே முன்பக்கம் கனமானது. வளைவில் திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றப் பார்க்கும். ஈரத்தில் இன்னும் மோசம். இது குணம். பின் டயர் காற்றழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. மாற்றிப் பார்த்தால் எந்தத் திசையில் உதவுகிறது என்று தெரிந்துவிடும். தேய்ந்த டயரைப் பின்னால் மாட்டி ஓட்டாதீர்கள்.

நெடி குணம் அல்ல. விரிப்பையும் தார் ஷீட்டையும் எடுக்கும்போது தரையில் இருந்த ரப்பர் அடைப்புகள் கூடவே வந்துவிடும். அந்தத் துளைகள் வழியாகப் புகை உள்ளே வரும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை. நெடி தெரிகிறது என்றால் அதுவும் கூடவே வருகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தலைவலியோ தூக்கமோ வந்தால் கண்ணாடியை இறக்கி நிறுத்துங்கள். துளைகளை மூடி, எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கசிவு இல்லை என்று உறுதி செய்யும்வரை யாரையும் ஏற்றாதீர்கள்.

பக்கெட் சீட் போட்டதும் ஏர்பேக் விளக்கு

சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருக்காமல் அதைத் தொடக் கூடாது. சர்க்யூட் திறந்திருப்பதால் விளக்கு எரியும். கடையில் ரெசிஸ்டர் வைத்து அணைத்துத் தருவார்கள். விளக்கு அணையும், சீட்டில் இருந்த ஏர்பேக் திரும்ப வராது.

நான்கு முனை பெல்ட்டைப் பின் சீட் கொக்கியில் மாட்டித் தெருவில் ஓட்டுவதைப் பார்க்கிறேன். தோள் பட்டை செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் முதுகெலும்பை நசுக்கும். பட்டை தோள் மட்டத்தில் பின்னால் போக, அதற்கென்று ஒரு பார் வேண்டும். ரோல் கேஜ் போட்டால் ஹெல்மெட் வேண்டும். வெறும் தலை தெருவில் அந்தக் குழாயில்தான் மோதும். தெருவில் ஓடும் வண்டிக்கு ஒரிஜினல் மூன்று முனை பெல்ட்தான் சரி. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறும் மாற்றங்களைத் தடுக்கிறது என்பதையும், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் வண்டியை உற்றுப் பார்ப்பார் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏர் ஃபில்டரும் சைலன்சரும் மாற்றியபின் இழுவை குறைந்தது

ஓ.பி.டி. ஸ்கேனரை (ஈ.சி.யூ. சொல்வதைப் படிக்கும் கருவி) மாட்டி, டிராஃபிக்கில் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 35 டிகிரி இருக்கும்போது உள்ளே 60 காட்டினால் கோன் ஃபில்டர் இன்ஜின் சூட்டைக் குடிக்கிறது. தடுப்புப் பெட்டி செய்து, பம்பர் பக்கமிருந்து குழாய் கொடுங்கள், அல்லது ஒரிஜினல் பெட்டியில் நல்ல ஃபில்டர் போதும். ஹெடரில் (இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் முதல் குழாய்கள்) ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். பெட்ரோல் குறைவு என்று ஈ.சி.யூ. தவறாக நினைத்துக் கூடுதலாக ஊற்றும். மைலேஜ் விழும், ப்ளக் கறுக்கும். குளிர்ந்த இன்ஜினில் இணைப்புகளைச் சுற்றி சோப்பு நீர் தெளித்து ஸ்டார்ட் செய்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை குறைவது, குழாய் பெரிதாகிவிட்டால் வரும் குணம்.

சில்லறைப் புகார்கள்

லித்தியம் பேட்டரி சில வாரம் நிறுத்தினால் இறங்குகிறது: 20 ஆம்பியர்-மணிதான் அதன் கொள்ளளவு என்றால், அலாரம், ஸ்டீரியோ எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தாலே 16 நாளில் காலி. நிறுத்தும்போது ஒரு முனையைக் கழற்றுங்கள்.

ஸ்பீடோமீட்டர் கூட்டிக் காட்டுகிறது: 185/65 ஆர்15-இன் விட்டம் 621.5 மி.மீ., 195/55 ஆர்15-இன் விட்டம் 595.5. நான்கு சதவீத வித்தியாசம். பெரியதைக் கழற்றிச் சிறியதைப் போட்டால் மீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும். பழுது இல்லை.

ஃபைபர் பானெட் வேகத்தில் படபடக்கிறது: தனியாக ஊசி வகைப் பூட்டு (பானெட் பின்) போடும்வரை ஹைவே ஏறாதீர்கள்.

நீண்ட வளைவில் ஆயில் விளக்கு ஒரு கணம் மின்னுகிறது

பிடிப்பு அதிகமான செமி-ஸ்லிக் டயர் போட்ட பிறகு வரும். வளைவில் ஆயில், சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஒரு பக்கமாக ஏறிவிடுகிறது, பம்ப் காற்றை இழுக்கிறது. ஒரு கணம்தானே என்று அடுத்த சுற்று போகாதீர்கள். பேரிங் கெட அது போதும். இன்ஜின் சுமையைக் குறைத்து ஓரமாக நிறுத்தி, ஆஃப் செய்து, சமதளத்தில் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு நடுக்கோட்டில் இருந்தால் மேல் கோடு வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். நிரம்பியிருந்தும் மின்னினால் சம்ப்புக்குள் தடுப்புத் தகடு வைக்க வேண்டும். அதுவரை அந்த டயர்களைக் கழற்றிவிட்டு, பரணில் இருக்கும் பழைய டயர்களை மாட்டி ஓட்டுங்கள்.